காண்டாக் காய்ப்பு

ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்பிய தங்கமணி, குசினிப் பலகையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். பால் வாளிகளைச் சுமந்த காண்டாக் கம்பு சுவரில் சாய்ந்திருக்கிறது. கணவன் ஐயாவு இடக்கையால் அவள் தோளில் எண்ணெய் தேய்க்கிறான். வலக்கை இல்லை, சதையில் வந்த புற்றுநோய்க்காகப் போன வருடம் கோலாலம்பூரில் தோளோடு எடுத்துவிட்டார்கள். அவன் விரல் ஒரு கட்டியின் மேல் நிற்கிறது. "காண்டாக் காய்ப்பு லா. பால் வெட்டுற எல்லாருக்கும் இருக்கு," என்கிறாள். "எனக்கும் வேல வாங்குற மண்டோர் அதத்தான் சொன்னாரு. ஒரு வருசம் எண்ணெ தேச்சேன். வலிக்குதா?" "இல்லீங்க." அழுத்துகிறான். தகரக் கூரை வெயிலில் படபடக்கிறது. "இப்ப?" "இல்ல." நகம் வெளுக்க இன்னும் அழுத்துகிறான். "எனக்கும் வலிக்கவே இல்ல, புள்ள. வலிக்குதுன்னு சொல்லு."