மகளுக்கு ஊட்டிய மீன்

உடம்புக்குள் எவ்வளவு கதிர்வீச்சு ஏறியிருக்கிறது என்று அளக்கும் நாற்காலியில் பெனிட்டா உட்கார்ந்தபோது பச்சை விளக்கு எரிந்தது. ஐந்து வயது மகள் ஜெனிலாவுக்குச் சிவப்பு.

“பிள்ளை சிவப்பு எரிஞ்சவங்க முகாமுக்குப் போகணும்மா. பச்சை எரிஞ்சவங்கள அங்க விடமாட்டாங்க,” என்றார் ஆபரேட்டர்.

“ஒரே வீட்லதான சார் இருக்கோம்? மெஷினு தப்பா காட்டுது!”

“கதிர்வீச்சு இந்தக் கடல் மீன்லதாம்மா இருக்கு. பிள்ளை மீன் நிறைய சாப்பிடுமா?”

கிடைத்த மீனையெல்லாம் முள் எடுத்து மகளுக்கே ஊட்டிவிட்டு, பெனிட்டா வெறும் கஞ்சியைக் குடித்து வந்தாள்.

“அம்மா, நீயும் வா!” என்று கதறக் கதற ஜெனிலாவை முகாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பெனிட்டா ஆபரேட்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எவ்வளவு மீன் தின்னா எனக்கும் சிவப்பு எரியும் சார்?”

அவர் கையை விடுவித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவள் கடற்கரையைப் பார்த்து நடந்தாள்.