சுவரொட்டியைக் கழுவியவள்

“பிடிங்கடா அவளை!”

விவசாயக் கூலிச் சங்கத் தலைவர் கூத்தையா போட்ட சத்தத்தில் சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஓடிவந்தார்கள். அப்போதுதான் விடிந்திருந்தது. பஸ் நிற்கும் இடத்துச் சுவர் முன்னால், கையும் குடமுமாக நின்றாள் ராக்கு.

முந்தாநாள் ஒட்டிய போஸ்டரைக் காணோம். நேற்று ஒட்டியதையும் காணோம். ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டிவிட்டு நேற்றுத் திரும்பிய கூத்தையா, இராத்திரி மறுபடி ஒட்டவைத்து, இன்று தானே காவலுக்கு வந்துவிட்டார்.

ராக்கு தண்ணீரை ஊற்றி ஊறவிட்டு, பசை கரைந்து கொழகொழத்ததும் ஓட்டாஞ்சில்லால் வழித்துக்கொண்டிருந்தாள். ‘கண்மாய் வேலையை உள்ளூராருக்குக் கொடு! திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ் முற்றுகை!’ என்ற எழுத்தெல்லாம் கூழாகி அவள் காலடியில் கிடந்தது.

எழுபத்து நாலாம் வருஷம். ராமநாதபுரம் சீமையில் மழை பொய்த்து இரண்டு வருஷம். மிச்சமிருந்த ஒரே பிழைப்பு கண்மாய் வெட்டு. அதற்கும் காண்ட்ராக்டர் செல்லச்சாமி வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். திங்கட்கிழமை கூட்டம் சேராவிட்டால் ஊரே பட்டினி.

“செல்லச்சாமி ஏவிவிட்டாரா?”

ராக்கு வழிப்பதை நிறுத்தவில்லை.

“கேக்குறாருல்ல, வாயில என்ன கொழுக்கட்டையா?” என்றான், கூத்தையா ஊரில் இல்லாதபோது போஸ்டர் ஒட்டிய பால்சாமி. “குடிதண்ணிக்கு ரெண்டு மைல் நடக்குறோம். நீ சுவத்தக் குளிப்பாட்டுற!”

“எம் பங்குத் தண்ணிதான். குடிக்காம ஊத்துறேன்.”

“திமிரப் பாத்தீகளா!”

“ஒம்பது தடவ ஜெயிலுக்குப் போனவன் நான்” என்றார் கூத்தையா. “போலீஸ்காரன் கிழிச்சப்பச் சிரிச்சேன். நம்மள்ல ஒருத்தியே கிழிக்கிறாளே... நாளைக்கும் ஒட்டுவேன்.”

“ஒட்டுங்க. நாளைக்கும் கழுவுவேன்.”

“சங்கத்த விட்டுத் தள்ளுங்க இவள” என்று காறித் துப்பினார்கள். ராக்கு, வழித்த கூழைக் குழியில் தள்ளி மண்ணைப் போட்டு மூடினாள். திட்டி ஓய்ந்து ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்; கூத்தையா மட்டும் நின்றார். கடைசி ஆளின் தலை மறைந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“அண்ணே, பசையில மயில்துத்தம் கலக்குறீகளா?”

“ஆமா. இல்லன்னா மாடு போஸ்டரத் தின்னுரும். அதுக்கென்ன?”

“மொத நாளு எம் பேரன் அதச் சுரண்டித் தின்னுட்டான். மைதா மாவுல்ல... பச்சை பச்சையா வாந்தி. நேத்துச் சாயங்காலந்தான் எந்திரிச்சு உக்காந்தான். ஊருல பசிச்ச பிள்ளைக இன்னும் எத்தனையோ கெடக்குண்ணே.”

கூத்தையா மண் மூடிய குழியைக் குனிந்து பார்த்தார்.

“பால்சாமிகிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“அவன் வாயில நிக்குமா? நீங்க வரட்டும்னு இருந்தேன்.”

“அட பாவி மகளே, இப்ப அத்தன பேரு முன்னால சொல்லித் தொலைச்சிருக்கலாமே! இம்புட்டுப் பேச்சு வாங்குனியே!”

ராக்கு காலிக் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்தாள்.

“சொன்னா? சங்கம் பிள்ளைகளுக்கு வெசம் வச்சிருச்சுன்னு செல்லச்சாமி பொழுது சாயிறதுக்குள்ள தண்டோராப் போட்டுருவாரு. அப்பறம் திங்கக்கெழம நம்ம பின்னால எவன்ணே வருவான்?”