ஒன்றரை அட்டை மாத்திரை

மாமியாரின் போன் வந்தபோது நான் ஒரு மருந்துப் பெட்டியின் ப்ரூஃபில் கமாக்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னவளுக்கு நாள் தள்ளிப்போய் நாற்பத்தைந்து நாளாகிறதாம். டாக்டரும் உறுதியாகச் சொல்லிவிட்டாராம். மூன்று முறை கூப்பிட்டும் எடுக்கவில்லையே மாப்பிள்ளை, மெஷினோடேயே குடித்தனம் நடத்துகிறீர்களா என்று கேட்டவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

என் மனைவி இறந்து எட்டு மாதம். மாமியாரின் கேலியெல்லாம் இப்படிப் பாதியில் நின்றுவிடுகிறது. சின்னவள் என்பது மனைவியின் தங்கை.

ரொம்ப சந்தோஷம் என்றேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன், அவ்வளவுதான். இப்போதெல்லாம் எதுவும் உள்ளே இறங்குவதில்லை.

அச்சகத்தில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மருந்துப் பெட்டி, உள்ளே மடித்து வைக்கும் தாள், எதுவானாலும் நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அச்சேறும். ஒரு புள்ளி தப்பாது. கடைசி வரியில் தொடங்கிப் பின்னோக்கிப் படிப்பேன். பொருளில் மனம் போய்விட்டால் எழுத்துப்பிழை தப்பிவிடும்.

பெட்டியின் மூலையில் ஒரு சின்னப் படம். வயிறு பெருத்த பெண்ணின் உருவம், குறுக்கே சிவப்புக் கோடு. கோட்டின் கனத்தை அளக்க அளவுகோலை வைத்தேன். பக்கத்தில் மருந்தின் பெயர் இருந்தது.

மனைவி முகப்பருவுக்குப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை.

போன மாதம் அவளுடைய அலமாரியைக் காலி செய்தபோது ஒன்றரை அட்டை மிச்சமிருந்தது. சேலைகளை எடுத்துப்போக வந்த சின்னவளின் தாடையெல்லாம் பரு. அக்காவுக்குக் கேட்டது உனக்கும் கேட்கும், வீணாகப் போக வேண்டாம் என்று கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் காய்ச்சல் மாத்திரை, இருமல் மருந்து எல்லாம் அப்படித்தான் கைமாறும். அவள் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

உள்ளே வைக்கும் தாளின் ப்ரூஃபை எடுத்தேன். முதல் முறையாக மேலிருந்து கீழே படித்தேன்.

கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது. சில நாட்கள் சாப்பிட்டாலும் ஆபத்து. குழந்தையின் மூளை, இதயம், காது, முகம்.

இந்த வரிகளை எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன்.

சின்னவளைக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டேன். ஒன்றரை அட்டை என்றால் பதினைந்து மாத்திரை. நாளுக்கொன்று. நாற்பத்தைந்து நாளுக்குள் கச்சிதமாக அடங்கிவிடுகிறது. விட்டுவிட்டுப் போட்டிருந்தால், ஒருவேளை இப்போதுகூட ஒன்றைத் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருப்பாள்.

மாமியாரைக் கூப்பிட விரல் போனது. ஒரு மகளைப் பறிகொடுத்தவரிடம் இதை எந்த வாயால் சொல்வது?

மெஷின்காரர் கதவருகே வந்து நின்றார். என்ன பூதக்கண்ணாடி, சரிபார்க்கிறாயா, மனப்பாடம் செய்கிறாயா என்றார். என் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போனார்.

ஐந்தாவது முறை சின்னவள் எடுத்தாள். துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாளாம்.

நான் கொடுத்த பரு மாத்திரையில் எத்தனை போட்டாய் என்று கேட்டேன். வாழ்த்துகூடச் சொல்லவில்லை.

“ஒண்ணுகூடப் போடல மாமா. வர்ற வழியிலேயே குப்பைத்தொட்டியில போட்டுட்டேன்.”

நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். நல்லவேளை, தாளைப் படித்திருக்கிறாய் என்றேன்.

அவள் எந்தத் தாளையும் படிக்கவில்லை என்றாள். பிறகு யார் சொன்னது என்று கேட்டேன்.

“அக்கா சொன்னா. அதைப் போட்டுக்கிட்டிருக்கும்போதே நாள் தள்ளிப்போச்சுன்னு பத்து நாளா பயந்து செத்துக்கிட்டிருந்தா மாமா. டாக்டரைப் பார்த்துட்டு அப்புறம் உங்ககிட்ட சொல்லிக்கிறேன்னா.”

விபத்து நடந்த அன்று காலை தையற்கடைக்கு என்று சொல்லித்தான் என் மனைவி வண்டியை எடுத்தாள். லாரி மோதியது எதிர்த்திசையில், ஆஸ்பத்திரி இருக்கும் சாலையில். அந்தப் பக்கம் எதற்குப் போனார்கள் என்று போலீஸ்காரர் கேட்டார். வழி தவறியிருப்பாள் என்று சொன்னேன்.

அது அவள் பிறந்து வளர்ந்த ஊர்.