எட்டு மூன்று வண்டி

"அந்த டிரைவரை எங்க சார் ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே நுழைந்தவள், கைப்பையை மேசைமேல் தொப்பென்று போட்டாள். கழுத்தில் தையல் தொழிற்சாலையின் அடையாள அட்டை தொங்கியது. வேர்வையில் முன்நெற்றி முடி ஒட்டிக் கிடந்தது.

பேருந்துப் பணிமனை மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இருபது வருடமாகப் புகார் கேட்டுப் பழகிய காது அவருக்கு.

"உட்காருங்கம்மா. எந்த டிரைவர்?"

"காலையில எட்டு மூணுக்குப் பள்ளிக்கூட ஸ்டாப்புக்கு வர்ற வண்டி. பேரு தெரியாது. மூஞ்சியும் தெரியாது. நாலு வருஷமா பின் படியில ஏறி, பின் படியிலேயே இறங்கிட்டிருக்கேன்."

"ஓ, அவரா! கவலையே படாதீங்க. அவரை ரூட்ல இருந்து தூக்கியாச்சு. இப்ப பின்னால ஷெட்ல வண்டி கழுவிட்டிருக்கார்" என்று சிரித்தார் மேலாளர்.

"என்ன தப்பு பண்ணிட்டாருன்னு தூக்கினீங்க?"

அவள் மேசையில் அடித்த அடியில் பேனா உருண்டு கீழே விழுந்தது. மேலாளரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"தினமும் ரெண்டு நிமிஷம் லேட்டும்மா. ஏன்யான்னு கேட்டா, கல்லு மாதிரி நிக்கிறார். வாயைத் திறக்க மாட்டேங்கிறார்."

"அவர் திறக்கலைன்னா கண்டக்டரைக் கேக்கறதுதானே? பள்ளிக்கூடத்துல எட்டு மணிக்குத்தான் சார் கேட்டைத் திறப்பாங்க. பிள்ளையை உள்ள விட்டுட்டு, ஒரு கையில செருப்பு, ஒரு கையில பைன்னு தெருமுனையில இருந்து ஒருத்தி ஓடி வருவா. அவர் கண்ணாடியில அவளையே பாத்துக்கிட்டு இருப்பாராம். அவ கால் படியில பட்டாத்தான் கியரைப் போடுவாராம். நாலு வருஷம் சார்! அந்த மகராசி ஒரு நாளாவது முன்னால போய், 'நன்றிங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளா? தான் ஓடுற ஓட்டத்துலதான் பஸ்ஸைப் பிடிக்கிறோம்னு திமிர்!"

"யாரும்மா அவ?"

"நான்தான்!"

பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"புது டிரைவர் எட்டு மூணுன்னா டாண்ணு எடுத்துடறார். மூணு நாளா பஸ்ஸோட முதுகைத்தான் பாக்கறேன். நேத்து சாயங்காலம் கண்டக்டரைப் பிடிச்சுச் சண்டை போட்டேன். அப்பத்தான் அத்தனையும் சொன்னார்."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். "உங்களைப் பத்தி அவர் மூச்சே விடலையே... ஆனா என் கை கட்டப்பட்டிருக்கும்மா. எழுத்துல புகார் வந்திருக்கு. 'உழைக்கிறவங்க நேரம்னா இவருக்கு இளப்பமா?'ன்னு காட்டமா எழுதியிருக்காங்க. நாளைக்கு விசாரணை. வேலைக்கே உலை வெச்சாலும் வெப்பாங்க."

"எழுதின ஜென்மத்துக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" அவள் குரல் உடைந்தது. ஆனாலும் இறங்கவில்லை. "ரெண்டு நிமிஷம் லேட்டாப் போய் சூப்பர்வைசர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டா, அந்த ஆத்திரத்தை யார் தலையிலயாவது கொட்டணுமா? முன்னால உக்காந்து வண்டி ஓட்டுறது ஒரு மனுஷன்னு தோணலையே அதுக்கு! ஒரு குடும்பத்தோட வயித்துல அடிச்சிருக்கே!"

"அவங்களைத் திட்டி என்னம்மா பிரயோஜனம்? நீங்க நூறு பேர் கையெழுத்தோட வந்தாலும் செல்லாது. புகார் எழுதினவங்களே நேர்ல வந்து வாபஸ் வாங்கினாத்தான் உண்டு."

அவள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். அத்தனை நேரம் நிமிர்ந்திருந்த தலை குனிந்தது.

"அதுக்குத்தான் சார் வந்திருக்கேன். நான் எழுதின அந்தக் காகிதத்தை எடுங்க."