கோடு வளைந்த அன்றே

"சொட்டு மருந்தைக் கண்ணுல விடச் சொன்னாங்களா, கன்னத்துல விடச் சொன்னாங்களா?"

ரிடையரான சர்வேயர் போட்ட சத்தத்தில் மனைவி பாட்டிலை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். இரண்டாவது சொட்டு மூக்கின் மேல் விழுந்தது.

"கொஞ்சம் அசையாம இருங்க..."

"நான் அசையலை. உனக்குத்தான் அக்கறை இல்லை."

பாட்டிலைப் பிடுங்கித் தானே விட்டுக்கொண்டார்.

கண்ணுக்கு வைத்தியம் ஆரம்பித்த இந்த மூன்று மாதமாகவே அவருக்கு அவள்மேல் ஆத்திரம். ஒரு நாள் காலையில் ஜன்னல் கம்பிகள் நெளிந்து தெரிந்தன. முப்பத்தைந்து வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்த மனுஷர், கம்பி நெளிந்தால் பொறுப்பாரா? அன்று மத்தியானமே கண் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

விழித்திரைக்கு அடியில் வேண்டாத ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிகின்றன என்றார் டாக்டர். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். கூடவே கை நரம்பில் ஒரு மருந்தை ஏற்றி, அது கண்ணுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒளியைப் பாய்ச்சி அந்தக் குழாய்களை அடைக்க வேண்டும்.

"ரெண்டும் சேர்ந்தாத்தான் உங்க கண்ணு நிக்கும் சார்."

ஒளி பாய்ச்சிய பிறகு ஐந்து நாள் உடம்பில் வெயில் படக் கூடாது. மனைவி திரையை இழுத்துவிட்ட லட்சணத்தில், கையகல வெயில் நேராகக் கட்டிலில் விழுந்தது.

"கண்ணை எங்க வெச்சுக்கிட்டு இழுத்தே?"

அவள் திரையை மறுபடி இழுத்துவிட்டாள். போன வருஷத்திலிருந்தே அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எது சொன்னாலும் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொல்கிறாள்.

"உங்கம்மாவுக்கு நான் வேண்டாதவனாயிட்டேன்" என்று மகளிடம் போனில் புலம்பித் தீர்த்தார்.

இன்றைக்கு மறுபரிசோதனை. ஸ்கேனைப் பார்த்த டாக்டர் சிரித்தார்.

"கசிவு நின்னுடுச்சு சார். கோடு வளைஞ்ச அன்னிக்கே ஓடி வந்தீங்க பாருங்க, அதான் கண்ணு பிழைச்சுது. எங்கே உங்க வீட்டம்மா? உள்ளே வரச் சொல்லுங்க."

ஒவ்வொரு தடவையும் வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பவள், இன்றுதான் உள்ளே வந்தாள். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு அட்டையை டாக்டர் அவள் கையில் கொடுத்தார்.

"இதை வாரா வாரம் அவரைப் பார்க்கச் சொல்லுங்கம்மா. ஒரு கண்ணை மூடிக்கிட்டு நடுப்புள்ளியைப் பார்க்கணும். கோடு எங்கயாவது வளைஞ்சா உடனே வரணும். நீங்களே ஒரு தடவை பாருங்க, புரியும்."

அவள் அட்டையைக் கிட்டே பிடித்தாள். தள்ளிப் பிடித்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"புள்ளி எங்கே டாக்டர்?"

"நடுவுலதாம்மா."

"நடுவுல கறுப்பாத்தானே இருக்கு. ஓரத்துலதான் ஏதோ கட்டம் மாதிரி தெரியுது."

டாக்டர் எழுந்து வந்தார். அவளைக் கருவியின் முன் உட்கார வைத்து, இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். சர்வேயருக்கு ஒன்றும் ஓடவில்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"வலது கண்ணுல கோடு வளைய ஆரம்பிச்சு நாலு வருஷம் இருக்கும். இடது, போன வருஷம்."

"ரெண்டும் தழும்பாயிடுச்சும்மா. இனிமே ஊசியும் உதவாது, ஒளியும் உதவாது." டாக்டரின் குரல் உயர்ந்தது. "அப்பவே வீட்ல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் மேஜையின் விளிம்பைத் தடவிப் பார்த்து அட்டையை வைத்தாள்.

"சொல்லலை டாக்டர். என் தப்புதான்."

ஆனால் சர்வேயருக்கு நினைவிருந்தது.

சொல்லியிருந்தாள். சமையலறை வாசலில் நின்று, "டைல்ஸ் கோடெல்லாம் நெளியுதுங்க" என்று சொல்லியிருந்தாள். படித்துக்கொண்டிருந்த பேப்பரை அவர் இறக்கக்கூட இல்லை. "எது நேர், எது கோணல்னு சர்வேயருக்கே நீ பாடம் எடுக்கிறியா? போய் வேலையைப் பாரு." அடுத்த வாரம் மறுபடி சொன்னாள். அதை அவர் சொந்தக்காரர்கள் கூடிய இடத்தில் வேடிக்கையாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். மூன்றாம் தடவை அவள் சொல்லவில்லை.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கும் தெரியாதா சார்?"

மனைவி முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மிச்சமிருந்த ஓரப் பார்வையால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயைத் திறந்தாத்தானே டாக்டர்!" என்றார் சர்வேயர். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னிக்கே கூட்டிட்டு வந்திருப்பேனே!"