கமலாத்தாள் ஏறிய வண்டி

"அண்ணன் போடற சோத்தைத் தின்னுபோட்டு, எதிர்க்கட்சி வண்டியில ஏறிப் போறா பாரு."

பொன்னாத்தாள் இதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம்தான் சொன்னாள். ஆனால் வண்டியில் உட்கார்ந்திருந்த கமலாத்தாளின் காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

விழுந்தது. கமலாத்தாள் திரும்பிப் பார்க்கவில்லை.

எழுபத்தொன்றாம் வருஷத்துப் பார்லிமென்ட் தேர்தல். கொழிஞ்சாம்பாறையை அடுத்த அந்த ஊரில் அன்றைக்குக் கட்சிக்காரர் ரத்தினசாமிக்கு ஏக மரியாதை. ஒரு வாரமாக வீடு வீடாகப் போய், "கண்ணு தெரியாதவங்க, நடக்க முடியாதவங்க, ஒருத்தரு ஓட்டும் உட்டுப் போகக்கூடாதுங்க. நானே வண்டி அனுப்பறேன்" என்று சொல்லியிருந்தார். சொன்னபடி அனுப்பவும் செய்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்று ஊரே மெச்சியது.

அவர் வீட்டு வாசலில் மட்டும் அந்த வண்டி நிற்கவில்லை.

வீட்டுக்குள் தங்கச்சி கமலாத்தாள் இருந்தாள். வயது இருபத்துநான்கு. குழந்தையில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பிவிட்டன. கையை ஊன்றித் தரையோடு நகர்ந்துதான் போவாள். பொள்ளாச்சி பஸ்ஸில் வரும் பேப்பரை ஓர் எழுத்து விடாமல் படிப்பாள்.

முந்தின நாளே அண்ணனிடம் கேட்டுப் பார்த்தாள்.

"நானும் வாரனுங்கண்ணா. எனக்கு இதுதான் மொத ஓட்டு."

"யாருக்குப் போடுவே?"

"அது உள்ள போய்த்தானுங்கண்ணா."

ரத்தினசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "வெயிலு தாங்க மாட்டே அம்மிணி. கூட்டத்துல இடிபட்டுப் போவே. ஊட்டுலயே இரு" என்றார்.

தங்கச்சி என்றால் அவருக்கு உயிர் என்று ஊரில் பேச்சு. அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். ஆனாலும் மறுநாள் மத்தியானம் மனசு கேட்கவில்லை. வாசல்வரை நகர்ந்து வந்து, தெருவில் போன எதிர்க்கட்சி வண்டியைக் கைகாட்டி நிறுத்தினாள். வண்டியில் இருந்தவர் பொங்கியண்ணன்.

"ஏனுங்க, என்னையும் ஏத்திக்கறீங்களா? ஆனா உங்களுக்குத்தான் போடுவேன்னு வாக்குக் குடுக்க மாட்டனுங்க."

பொங்கியண்ணனுக்குச் சங்கடம். ரத்தினசாமி வீட்டு ஆளை ஏற்றினால் சண்டை வரும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே போகவும் முடியவில்லை.

"ஏறு ஆத்தா. போடறது உன்ற இஷ்டம்" என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு மூன்று படி. தூக்க வந்தவர்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவளே ஏறினாள். வரிசை ஒதுங்கி வழிவிட்டது.

பூத் ஆபீசர் ஒற்றப்பாலம் பக்கத்து மலையாளி வாத்தியார். லிஸ்டைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"கமலாத்தாளுடைய ஓட்டு காலையிலேயே கழிஞ்சுபோச்சே."

"நான் இப்பத்தானுங்க வாறேன்." மையில்லாத விரலைக் காட்டினாள்.

வரிசையில் நின்றவர்களில் நாலு பேர், "இவதானுங்க கமலாத்தா" என்றார்கள். யாரோ திருட்டு ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழவில்லை.

ஆபீசர் தயங்கிச் சொன்னார். "வேறே சீட்டுத் தரலாம். ஆனா அது பெட்டிக்குள்ளே போகாது. தனிக் கவரிலே வைக்கணும். கோர்ட்டு கேட்டால்தான் எண்ணுவாங்க."

"எண்ணாட்டிப் போகுதுங்க. கமலாத்தா வந்தான்னு எழுத்துல இருக்கட்டும். குடுங்க."

ஓட்டுப் போடும் மேசை அவளுக்கு எட்டவில்லை. ஆபீசரே மறைப்பு அட்டையைத் தரையில் இறக்கி வைத்தார்.

"அடுத்த எலெக்சனுக்கு ஒரு மேசையாவது தாழ்வாப் போடச் சொல்லி மேல எழுதுங்க சார். என்னைமாதிரி இன்னும் வருவாங்க."

"எழுதறேன்" என்றார். அவள் முத்திரை குத்தி மடித்துக் கொடுத்த சீட்டைக் கவரில் போட்டு ஒட்டினார்.

அவள் படியிறங்கும்போது ரத்தினசாமி மூச்சிரைக்க ஓடிவந்தார். காலையில் பூத்துக்குள் கட்சி ஏஜென்டாக உட்கார்ந்திருந்தவர், வெயில் ஏறியதும் வேறொருவரை உட்கார வைத்துவிட்டு வண்டியைக் கவனிக்கப் போயிருந்தார்.

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை, அண்ணனைப் பார்த்ததும் வந்துவிட்டது.

"என்ற ஓட்டை எவளோ போட்டுட்டாளுங்கண்ணா."

"போகுது உடு கண்ணு. ஒரு ஓட்டுத்தானே." குனிந்து அவளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ஓட்டுப்போட வந்து வரிசையில் நின்ற பொன்னாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவ மாத்தான் கட்சி வண்டியில வந்தும் ஒரு வார்த்தை கோவிக்கல பாரு. அண்ணன்னா இப்படியல்லோ இருக்கோணும்."

"கொஞ்சம் நில்லுங்க." ஆபீசர் வாசலுக்கு வந்திருந்தார். ரத்தினசாமியை உற்றுப் பார்த்தார்.

"காலையிலே கமலாத்தாள்னு ஒரு பொண்ணு வந்தாள். அச்சன் பேரு கேட்டபோது முழிச்சாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. அப்போ எழுந்து, 'என் கூடப்பிறந்த தங்கச்சிதான், நானே சாட்சி'ன்னு சொன்ன ஏஜென்ட் நீங்கதானே? அப்படின்னா, இந்தப் பொண்ணு யாரு?"



"இவருக்கு நான் ஒருத்திதானுங்க தங்கச்சி" என்று ஆபீசருக்குப் பதில் சொன்னவள், அண்ணன் கழுத்திலிருந்து கையை எடுத்தாள்.

"என்னைய எறக்கி உடுங்கண்ணா."