அடங்கின நாய்

பைக் வாசலில் வந்து நிற்கிறது. பின்கம்பியில் கட்டிய கயிற்றின் நுனியில் நாய் சரிந்து விழுகிறது. வேட்டை நாய்க்கும் தெரு நாய்க்கும் பிறந்த பத்து மாதக் குட்டி, உடம்பெல்லாம் கால். கொஞ்ச தூரம் பாய்ந்து ஓடிவிட்டுப் படுத்துக்கொள்ளும் இனத்தை, ஐந்து கிலோமீட்டர் கொதிக்கிற தார் ரோட்டில் இழுத்து வந்திருக்கிறான் புருஷன். அது குலுங்கிக் குலுங்கி மஞ்சளாகக் கக்குகிறது. நுரைக்குள் காலையில் தின்ற சோறு அப்படியே கிடக்கிறது, ஈ மொய்க்கிறது. பாதத்தோல் நனைந்த அட்டைபோல உரிந்து தொங்குகிறது. "பாத்தியா, எப்படி அடங்கிட்டான்!" என்று இளிக்கிறான். "ஒரு மாசமா ரொட்டியக் காட்டி உக்காரப் பழக்கிட்டு வந்தேனேய்யா," என்றபடி பெண்டாட்டி பாதத்தில் தண்ணீர் ஊற்றுகிறாள். "உன் ரொட்டியில நாய் கொழுத்ததுதான் மிச்சம்," என்கிறான் புருஷன். வருகிறவர்கள் மேலெல்லாம் விழுந்து துள்ளுகிற நாயை இன்றைக்குள் துரத்தச் சொல்லியிருந்த வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வருகிறாள். மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்க்கிறாள். "இப்பதான் லட்சணமா இருக்கு. இப்படியே கெடந்தா இருந்துட்டுப் போகட்டும்." "அதுக்கென்னக்கா, தினமும் ஒரு ரவுண்டு ஓட்டிட்டாப் போச்சு," என்கிறான் அவன். பெண்டாட்டி எழுந்து பைக் சாவியைப் பிடுங்கி, வாந்திக்குள் போட்டு, செருப்புக் காலால் அழுத்துகிறாள். "ஓட்டணும்னா கைய விட்டு எடுத்துக்க."